குர்ப்ஸுக்கு முன்பே ஒரே பெட்டியில் மூன்று உலகங்கள்: ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர்’ ஆட்டமும் அதை உருவாக்கியவர்களும்

கேள்வி இதுதான்: வாள், விண்கலம், சூப்பர் ஹீரோ என்று எந்தக் கதைக்கும் ஒரே விதிமுறையை வைத்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட குர்ப்ஸ்தானா? அதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா? செய்திருந்தால் அதை இன்று எடுத்து ஆட முடியுமா?

குர்ப்ஸ் முதலாவது இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1982இல், கலிஃபோர்னியாவின் கேயாசியம் நிறுவனம் ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர்’ என்ற பெட்டியை விற்றது. உள்ளே நான்கு சிறு புத்தகங்கள். ஒன்று பொது விதிகள். மற்ற மூன்றும் அந்த விதிகளின் மேல் ஏற்றிய மூன்று உலகங்கள்: மந்திர உலகத்துக்கு ‘மேஜிக் வேர்ல்ட்’, அதிசக்தி வீரர்களுக்கு ‘சூப்பர்வேர்ல்ட்’, எதிர்கால விண்வெளிக்கு ‘ஃபியூச்சர் வேர்ல்ட்’. மூன்றையும் இணைக்க வொண்டர் என்று ஒரு நகரத்தையும் கற்பனை செய்திருந்தார்கள். பெட்டி பெரிதாக ஓடவில்லை. ஆனால் உள்ளே இருந்த பொது விதிகள், ‘பேசிக் ரோல்பிளேயிங்’ என்ற பெயரில், இன்றும் அச்சில் இருக்கின்றன. ஆகவே ஆட முடியுமா என்பதற்குப் பதில், தாராளமாக. எப்படி என்பதைப் பின்பாதியில் எண்களோடு சொல்கிறேன்.

முதலில் வரலாறு. அது தெரிந்தால்தான் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் ரோல்பிளேயிங் ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது அதன் சண்டை விதிகளில் நிறைய ஓட்டைகள். யார் முதலில் அடிப்பது என்பதில்கூடத் தெளிவு கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் பெரின், அந்த ஓட்டைகளை அடைக்கத் தாமே சில விதிகளை எழுதி, 1976இல் டன்ட்ராகான் என்ற ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் விநியோகித்தார். ‘பெரின் கன்வென்ஷன்ஸ்’ என்று அதற்குப் பெயர் வந்தது. பெரினுக்கு இன்னொரு பின்புலமும் உண்டு. 1966இல் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால ஐரோப்பியச் சண்டைக் கலைகளைக் கவசம் போட்டுக்கொண்டு நிஜமாகவே பயிலும் எஸ்.சி.ஏ. என்ற சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர் அவர். கேடயத்தைத் தூக்கித் தடுப்பது எப்படி இருக்கும், கவசத்தின் மேல் விழுந்த அடி எவ்வளவு உறைக்கும் என்று உடம்பால் அறிந்த மனிதர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கவசம் போட்டால் எதிரியின் அடி ‘படாது’. பெரினுக்குத் தெரிந்த சண்டையில் அடி படும், கவசம் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் எல்லாம் பிரிகிறது.

இன்னொரு பக்கம் கிரெக் ஸ்டாஃபோர்ட். கிளோராந்தா என்ற தொன்ம உலகத்தை மனத்தில் கட்டிக்கொண்டிருந்தவர். அந்த உலகத்தில் நடக்கும் ஒரு போர் ஆட்டத்தை வெளியிடுவதற்காகவே 1975இல் கேயாசியத்தைத் தொடங்கினார். அதே உலகத்துக்கு ஒரு ரோல்பிளேயிங் ஆட்டம் வேண்டும் என்று அவர் நினைத்தபோது முதல் முயற்சிகள் சரிவரவில்லை. பிறகு ரே டர்னியும் பெரினும், ஸ்டீவ் ஹென்டர்சன், வாரன் ஜேம்ஸ் போன்ற நண்பர்களோடு உட்கார்ந்து எழுதியது 1978இல் ‘ரூன்குவெஸ்ட்’ ஆக வந்தது. வீரன், மந்திரவாதி என்று பிரிக்கும் வகுப்பு கிடையாது, படிப்படியாக ஏறும் லெவல் கிடையாது. யாரும் எதையும் கற்கலாம். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு சதவீதம். நூறு முகப் பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் வெற்றி.

ரூன்குவெஸ்ட் கனமான ஆட்டம். அடி விழுவது தலையிலா, கையிலா, காலிலா என்று இருபது முகப் பகடை போட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு விநாடிச் சுற்றுக்குள் யார் எப்போது அடிப்பது என்பதற்குத் தனிக் கணக்கு. புதிதாக வருபவர்களுக்கு ஒரு வாசல்படி தேவைப்பட்டது. 1980இல் ஸ்டாஃபோர்டும் லின் வில்லிஸும் அதை 16 பக்கமாகச் சுண்டக் காய்ச்சினார்கள். அதுதான் ‘பேசிக் ரோல்பிளேயிங்’. வில்லிஸின் பெயரைப் பலர் விட்டுவிடுவார்கள். அது அநியாயம். சிறு போர் ஆட்டங்களை வடிவமைத்துப் பழகியவர் அவர். குறைந்த பக்கத்தில் விதியைத் தெளிவாகச் சொல்லும் கை அவருடையது. உடல் பாகக் கணக்கும் நேரக் கணக்கும் போயின. கிளோரா­ந்தாவின் கடவுள்களும் போனார்கள். மிஞ்சியவை ஏழு குணங்கள், சதவீதத் திறன்கள், இரண்டு எண்களை மோதவிட்டு வெற்றி வாய்ப்பைச் சொல்லும் ஓர் எதிர்ப்பு அட்டவணை, அனுபவத்தால் திறன் வளரும் முறை. இந்த மிச்சத்தில் வாளுக்கோ மந்திரத்துக்கோ கட்டுப்பட்டது எதுவும் இல்லை என்பதை அவர்கள் கவனித்ததுதான் பெரிய விஷயம்.

கவனித்த கையோடு வேலையைத் தொடங்கினார்கள். 1981இல் சேண்டி பீட்டர்சன் அதே 16 பக்கத்தின் மேல் ‘கால் ஆஃப் கதுலு’வைக் கட்டினார். களம் 1920களின் அமெரிக்கா, திகில் கதை. மனநிலைக்கு ஒரு புள்ளிக் கணக்கைப் புதிதாகச் சேர்த்தார்: மனவலிமையைக் குறிக்கும் ஆற்றல் குணத்தின் ஐந்து மடங்கு. பயங்கரத்தைப் பார்க்கும்போது நூறு முகப் பகடையில் அந்த எண்ணுக்கு மேல் விழுந்தால் புள்ளி குறையும். அந்த ஆட்டத்தின் முதல் பெட்டியில் பேசிக் ரோல்பிளேயிங் புத்தகமும் அப்படியே வைத்து விற்கப்பட்டது. அதே ஆண்டில் கென் செயின்ட் ஆண்ட்ரேயும் பெரினும் ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ செய்தார்கள். மறு ஆண்டு ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர்’. அதில் பெரினின் பங்கு பெரியது. கார்டன் மான்சனும் ஹென்டர்சனும் உடன் இருந்தார்கள்.

பெட்டி ஏன் ஓடவில்லை? என் கணிப்பு எளிது. மூன்று புத்தகங்களும் எலும்புக்கூடுகள். விதி உண்டு, மனத்தில் நிற்கும் ஊர், ஆள், பகை எதுவும் போதுமான அளவுக்கு இல்லை. ஆட்டக்காரர்கள் விதிக்காகப் பெட்டி வாங்குவதில்லை, போய் வாழ ஓர் உலகத்துக்காக வாங்குகிறார்கள். கதுலுவுக்கு அது இருந்தது, ரூன்குவெஸ்ட்டுக்கும் இருந்தது. ஆனால் துண்டு துண்டாக அந்தப் பெட்டி நெடுந்தூரம் போனது. சூப்பர்வேர்ல்ட் 1983இல் தனிப் பெட்டியாக வந்தது. அதே ஆண்டு எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்கு விக்டர் மிலான் அதைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க, நியூ மெக்சிகோவில் நண்பர்களோடு அவர் அதை வெறித்தனமாக ஆடினார். 1987இல் தொடங்கிய ‘வைல்ட் கார்ட்ஸ்’ கதைத் தொகுப்புகள் அந்த ஆட்டத்தில் பிறந்தவை. மேஜிக் வேர்ல்டும் பொது விதிகளும் ஸ்வீடிஷில் மொழிபெயர்க்கப்பட்டு 1982இல் ‘டிராகர் ஓக் டெமோனெர்’ ஆயின. ஸ்வீடனில் ஒரு தலைமுறைக்கு ரோல்பிளேயிங் என்றாலே அதுதான். 2023இல் ‘டிராகன்பேன்’ என்று ஆங்கிலத்தில் வந்திருப்பது அதன் வாரிசு.

‘முதல்’ என்ற பட்டத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1981இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் செய்த ‘சாம்பியன்ஸ்’ சூப்பர் ஹீரோ ஆட்டமாகத் தொடங்கி, பத்தாண்டு முடிவதற்குள் ஹீரோ சிஸ்டம் என்ற பொது விதியாக விரிந்தது. குர்ப்ஸின் வேரும் ஸ்டீவ் ஜாக்சன் 1977இல் செய்த ‘மெலே’ என்ற சிறு சண்டை ஆட்டத்தில் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் பொது விதியையும் பல உலகங்களையும் சேர்த்து விற்றதில் கேயாசியம் முந்தியது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

இனி ஆடும் முறை. நான் தரும் எண்கள் 2008இல் ஜேசன் டுராலும் சாம் ஜான்சனும் தொகுத்த பெரிய பேசிக் ரோல்பிளேயிங் புத்தகத்தை ஒட்டியவை. 1980, 1982 புத்தகங்களில் சில எண்கள் வேறுபடும், சட்டகம் ஒன்றுதான்.

ஏழு குணங்கள்: வலு, உடலுறுதி, உருவளவு, அறிவு, ஆற்றல், லாவகம், தோற்றம். பெரும்பாலானவற்றுக்கு ஆறு முகப் பகடை மூன்றைப் போட்டுக் கூட்ட வேண்டும். உருவளவுக்கும் அறிவுக்கும் மட்டும் இரண்டு பகடை போட்டு 6 கூட்ட வேண்டும். வளர்ந்த மனிதன் பூனை அளவில் இருக்க முடியாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. இதில் ஆற்றல் என்பது உடல் பலம் இல்லை. மனவலிமை, அதிர்ஷ்டம், மந்திர சக்தி எல்லாம் சேர்ந்தது. புதியவர்கள் அதிகம் குழம்பும் குணம் இதுதான்.

ஓர் ஆளைச் செய்து பார்ப்போம். வலு 14, உடலுறுதி 12, உருவளவு 13, அறிவு 15, ஆற்றல் 11, லாவகம் 12, தோற்றம் 10. உயிர்ப்புள்ளி என்பது உடலுறுதியும் உருவளவும் கூட்டி இரண்டால் வகுத்தது: 12.5, மேல்நோக்கி முழுமையாக்கினால் 13. வலுவும் உருவளவும் கூட்டினால் 27; அது 25 முதல் 32 வரையிலான கட்டத்தில் விழுவதால் கைச்சண்டையில் கூடுதல் சேதம் ஒரு நான்கு முகப் பகடை. 17 முதல் 24 வரை இருந்தால் கூடுதல் ஒன்றும் கிடையாது, 33 முதல் 40 வரை ஒரு ஆறு முகப் பகடை. மந்திரப் புள்ளி ஆற்றலுக்குச் சமம்: 11. எந்தத் திறனிலும் அடங்காத காரியத்துக்குக் குணத்தின் ஐந்து மடங்கு: சட்டென்று ஒரு யோசனை தோன்றுமா என்பதற்கு 75, அதிர்ஷ்டத்துக்கு 55.

திறன்களுக்கு அடிப்படை வாய்ப்பு அச்சிட்டே இருக்கும். ஏறுவது 40, முதலுதவி 30, கவனித்துப் பார்ப்பது 25, பதுங்கி நடப்பது 10. இதன் மேல் தொழில் திறன்களுக்கு 250 புள்ளி, விருப்பத் திறன்களுக்கு அறிவின் பத்து மடங்கு, இந்த ஆளுக்கு 150. சாதாரண மனிதர்கள் ஆட்டம் என்றால் எந்தத் திறனும் தொடக்கத்தில் 75ஐத் தாண்டக் கூடாது. வீரதீர ஆட்டத்துக்கு 325 புள்ளி, வரம்பு 90. புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, 250ஐப் பத்துப் பன்னிரண்டு திறன்களில் தூவிவிடுவது. எல்லாம் 40, 45இல் நிற்கும். மேசையில் பாதிக்கு மேல் தோல்விதான் விழும், ‘இந்த ஆட்டத்தில் எதுவுமே நடக்கமாட்டேன் என்கிறது’ என்று புலம்புவார்கள். இரண்டு மூன்று திறன்களை 65, 75க்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பரப்புங்கள்.

இதே ஆள் மந்திர உலகத்தில் கத்திக்காரன், கதுலுவில் பத்திரிகை நிருபர், எதிர்காலத்தில் விண்கலப் பொறியாளர். குணங்களும் உயிர்ப்புள்ளியும் ஒன்றும் மாறாது. திறன் பட்டியலும் ஆயுதப் பட்டியலும் மட்டும் மாறும். பேசிக் ரோல்பிளேயிங் பல உலகங்களுக்குப் பொருந்துவதன் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. ‘ஒரு மனிதனால் எவ்வளவு முடியும்’ என்ற அடித்தளத்தை உலகத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். மந்திரம், மனநிலை, அதிசக்தி ஒவ்வொன்றும் அதன் மேல் வைக்கும் தனித் தட்டு. வேண்டாத தட்டை எடுத்துவிட்டால் கீழே எதுவும் ஆடாது.

பகடையைப் படிக்கும் விதம். பத்து முகப் பகடை இரண்டு, ஒன்று பத்தின் இடம், ஒன்று ஒன்றின் இடம். 00 விழுந்தால் நூறு. திறன் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 01 முதல் 03 வரை உச்ச வெற்றி: திறனில் இருபதில் ஒரு பங்கு. 04 முதல் 12 வரை சிறப்பு வெற்றி: ஐந்தில் ஒரு பங்குக்குள். 13 முதல் 60 வரை சாதாரண வெற்றி. 61 முதல் 98 வரை தோல்வி. 99, 00 படுதோல்வி: தோல்வி வாய்ப்பான 40இல் இருபதில் ஒரு பங்கு. இந்த வகுத்தலை மேசையில் செய்தால் ஆட்டம் படுத்துவிடும். பாத்திரத் தாளில் ஒவ்வொரு முக்கியத் திறனுக்குப் பக்கத்திலும் 60/12/3 என்று முன்பே எழுதிவையுங்கள். சுலபமான காரியத்துக்குத் திறனை இரட்டிப்பாக்குங்கள், கடினமானதற்குப் பாதியாக்குங்கள். பிளஸ் 5, மைனஸ் 10 என்று சில்லறையாகச் சேர்ப்பது வீண் வேலை.

எதிர்ப்பு அட்டவணையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய கட்டமாக அச்சிட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது ஒரே சூத்திரம்: 50 உடன், செய்பவரின் எண்ணுக்கும் எதிர்ப்பதன் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தின் ஐந்து மடங்கைக் கூட்டு. வலு 14 உள்ளவர் உருவளவு 16 உள்ள கல்லைத் தள்ளினால் 50 − 10 = 40 சதவீதம். விஷத்தின் வீரியம் 15, உடலுறுதி 12 என்றால் விஷம் வெல்ல 65 சதவீதம். வித்தியாசம் பத்தைத் தொட்டுவிட்டால் பகடைக்கே வேலையில்லை. இந்தக் கடைசி வரியை மனத்தில் வையுங்கள், சூப்பர் ஹீரோ பகுதியில் இதுதான் காலை வாரும்.

சண்டையில் அடிப்பவர் ஒரு பகடை, தடுப்பவர் ஒரு பகடை. தாண்டிப் படும் சேதத்தில் கவச எண்ணைக் கழித்து மிச்சத்தை உயிர்ப்புள்ளியில் குறைக்க வேண்டும். உயிர்ப்புள்ளி 2 அல்லது 1க்கு வந்தால் மயக்கம், 0 என்றால் மரணம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சமபலமான இருவரைச் சங்கிலிக் கவசத்தில் மோதவிட்டுக் கணக்குப் போட்டால் பிரச்சினை தெரியும். இருவருக்கும் தாக்கு 60, தடுப்பு 60. ஓர் அடி தடுக்கப்படாமல் படுவதற்கு வாய்ப்பு 0.6 × 0.4, அதாவது 24 சதவீதம். வாளின் சேதம் எட்டு முகப் பகடை + 1. கவசம் 7. எட்டில் இரண்டு முகங்கள் மட்டுமே கவசத்தைத் தாண்டும், சராசரி 0.375 புள்ளி. சாதாரண வெற்றிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 0.09 புள்ளி. 13 புள்ளி குறைய 140 சுற்றுக்கு மேல். கூடுதல் சேதமாக நான்கு முகப் பகடை உள்ளவருக்குக் கவசம் தாண்டும் சராசரி 1.6 ஆக ஏறும், அப்போதும் முப்பது சுற்றுக்கு மேல் இழுக்கும்.

நிஜத்தில் இவ்வளவு இழுக்காமல் காப்பாற்றுவது சிறப்பு வெற்றியும் உச்ச வெற்றியும்தான். குத்தும் ஆயுதத்தில் சிறப்பு வெற்றி விழுந்தால் ஆயுதத்தின் சேதம் இரட்டிப்பு; உச்ச வெற்றி கவசத்தையே பொருட்படுத்தாது. அதனால்தான் இந்த ஆட்டத்தில் நீண்ட நேரம் ஒன்றும் நடக்காமல் இருந்து, திடீரென்று ஒரே அடியில் ஆள் சாய்கிறான். சில மேசைகளுக்கு இது பிடிக்கும். பிடிக்காதவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, ஒரே சுற்றில் இரண்டாவது தடுப்புக்கு 30 சதவீதம், மூன்றாவதற்கு 60 சதவீதம் குறையும் என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்துங்கள். இருவர் சேர்ந்து ஒருவரை அடித்தால் உடனே முடிவு தெரியும். இரண்டு, எதிரிகளைச் சாகும் வரை நிற்க வைக்காதீர்கள். ஒரே அடியில் உயிர்ப்புள்ளியில் பாதி போனால் அது பெருங்காயம். பெருங்காயம் பட்ட கூலிப்படையாள் ஓடுவான் அல்லது சரணடைவான். பெரின் மரபுச் சண்டையின் ருசி அங்கேதான்.

துப்பாக்கி வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். கதுலுவில் .45 கைத்துப்பாக்கி பத்து முகப் பகடை + 2, சராசரி 7.5. குண்டைத் தடுப்பு ஆட்டத்தால் தடுக்க முடியாது, அந்தக் கால உடையில் கவசமும் கிடையாது. 13 உயிர்ப்புள்ளிக்காரருக்கு இரண்டு குண்டு போதும். மிக அருகிலிருந்து 12 கேஜ் ஷாட்கன் நான்கு ஆறு முகப் பகடை, சராசரி 14; ஒன்றே போதும். வாள் உலகத்தில் பழகிய ஆட்டக்காரர்கள் அதே துணிச்சலோடு துப்பாக்கி உலகத்துக்கு வந்து முதல் அரை மணியில் செத்துப்போவதற்குக் காரணம் இதுதான். உலகம் மாறும்போது ஒரு மாதிரிச் சண்டையை, யாருடைய பாத்திரத்தையும் பணயம் வைக்காமல், ஆடிக் காட்டிவிடுவது நல்லது. வாள் உலகத்து வீரன் துப்பாக்கி உலகத்துக்குள் நுழையும் கதையானால் சங்கிலிக் கவசம் குண்டுக்கு எவ்வளவு தாங்கும் என்பதைக் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் முன்பே முடிவுசெய்து சொல்லிவிட வேண்டும். நடுச்சண்டையில் முடிவெடுத்தால் தகராறுதான்.

மேஜிக் வேர்ல்ட் வழி மந்திரம் மிக எளிது. ஒவ்வொரு மந்திரமும் ஒரு திறன், அதற்கும் சதவீதம். போட்டால் மந்திரப் புள்ளி செலவு. மந்திரப் புள்ளி ஒரு முழு நாளில் திரும்ப நிரம்பும். எதிராளியின் மனத்தை மடக்கும் மந்திரமானால் ஆற்றலுக்கு ஆற்றல் எதிர்ப்பு அட்டவணை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஆற்றல் 18 உள்ள மந்திரவாதி, சராசரி ஆற்றல் 10 உள்ள காவலாளியை 90 சதவீதம் வெல்வான். மந்திரவாதியை யாராவது எடுத்தால் முக்கிய எதிரிகளின் ஆற்றலையும் 14, 15க்குக் கொண்டுபோங்கள், காவலாளிகளை விட்டுவிடுங்கள்.

அனுபவம் இந்த விதிகளிலேயே அழகான பகுதி. திறனை நெருக்கடியில் பயன்படுத்தி வென்றால் அதன் பக்கத்தில் ஒரு டிக். கதைப்பகுதி முடிந்ததும் டிக் உள்ள ஒவ்வொரு திறனுக்கும் நூறு முகப் பகடை. இப்போது திறனுக்கு மேல் விழ வேண்டும். விழுந்தால் ஒரு ஆறு முகப் பகடை அளவுக்குத் திறன் ஏறும். 25 இல் இருப்பவருக்கு ஏற வாய்ப்பு 75 சதவீதம், சராசரி ஏற்றம் 2.6 புள்ளி. 80 இல் இருப்பவருக்கு வாய்ப்பு 20 சதவீதம், சராசரி 0.7. கற்றுக்குட்டி வேகமாக வளர்வதும் வித்துவான் மெல்ல வளர்வதும் தனி விதி ஏதும் இல்லாமலே நடந்துவிடுகிறது. 1978லேயே இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சலாம்.

இதிலும் ஒரு திருட்டு உண்டு. வாளால் ஒரு வெற்றி கிடைத்ததும் வாளைப் போட்டுவிட்டு ஈட்டியை எடுப்பார்கள், ஈட்டிக்கு டிக் விழுந்ததும் கோடரி. ரூன்குவெஸ்ட் காலத்திலிருந்தே ஆட்டக்காரர்கள் இதை ‘கோல்ஃப் பை’ என்று கேலி செய்கிறார்கள். வாள், ஈட்டி என்று தனித்தனியாக வைக்காமல் ஆயுத வகைக்கு ஒரு திறன் வைத்தால் பாதி அடங்கும். உண்மையான ஆபத்து இருந்தபோது மட்டும் டிக் என்று சொன்னால் மீதியும் அடங்கும்.

இந்த விதிகள் உண்மையிலேயே திணறும் இடம் சூப்பர்வேர்ல்ட். புள்ளிகள் கொடுத்து சக்திகளை வாங்குவது, பலவீனங்களை ஏற்றுக் கூடுதல் புள்ளி பெறுவது என்ற முறை நன்றாகவே ஓடுகிறது. அடித்தளம்தான் மனித அளவுக்குக் கட்டியது. வலு 60 உள்ளவரும் வலு 50 உள்ளவரும் கை மல்லுக்கு உட்கார்ந்தால் வித்தியாசம் பத்து. அட்டவணைப்படி போட்டியே கிடையாது. இரண்டு அசுரர்கள் மோதும் காட்சி பகடை போடாமலே முடிகிறது. சேதமோ எதிர்த்திசையில் போகிறது. வலு 40, உருவளவு 14 என்றால் கூட்டுத்தொகை 54, கூடுதல் சேதம் இரண்டு ஆறு முகப் பகடை. வெறுங்கைக் குத்து மூன்று முகப் பகடையோடு சேர்த்துச் சராசரி 9. சாதாரண ஆளுக்கு 11, 12 உயிர்ப்புள்ளிதான். வீரன் தெருத்திருடனைத் தட்டினால் கொலைக் கேஸ் ஆகிவிடும். சித்திரக் கதை நாயகனுக்கு இது ஆகாது.

சரிசெய்ய வழி இருக்கிறது. உயிர்ப்புள்ளியைப் பாதியாக்காமல் உடலுறுதி, உருவளவு இரண்டின் முழுக் கூட்டுத்தொகையாக வைக்கும் விருப்ப விதி புத்தகத்திலேயே உண்டு; 13 என்பது 25 ஆகிவிடும். வெறுங்கைச் சேதம் ஆளை மயக்கும், கொல்லாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அசுர வலு மோதல்களில் இருவருடைய எண்ணையும் ஐந்தால் வகுத்துவிட்டு அட்டவணைக்குப் போங்கள்: 60க்கு 12, 50க்கு 10, வாய்ப்பு 60 சதவீதம். இந்தக் கடைசி ஏற்பாடு புத்தகத்தில் இல்லாதது, மேசை விதி. ஆனால் வேலை செய்யும். இவ்வளவு ஒட்டுப் போட மனமில்லாதவர்கள் சூப்பர் ஹீரோ கதைக்கு ஹீரோ சிஸ்டத்தை எடுத்துக்கொள்வதே மேல். அது அந்த உயரத்துக்கென்றே பிறந்தது.

ஸ்டாஃபோர்டுக்கே இந்த எல்லை தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். 1985இல் ஆர்தர் மன்னர் கதைகளுக்கு ‘பென்டிராகன்’ செய்தபோது நூறு முகப் பகடையை விட்டு இருபது முகத்துக்கு மாறினார். கருணை–கொடூரம் போன்ற 13 குண இணைகளைச் சேர்த்து, ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20 ஆக வைத்தார். எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியைச் செய்த வீட்டிலிருந்தே ஒரே ஒரு கதைக்கு மட்டும் பொருந்தும் விதி வந்தது. அவருடைய ஆகச் சிறந்த ஆட்டம் அது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

வில்லிஸ் 2013இலும், ஸ்டாஃபோர்ட் 2018இலும், பெரின் 2021இலும் காலமானார்கள். பெரின் கடைசி ஆண்டுகளில் மறுபடி கேயாசியத்தோடு சேர்ந்து வேலை செய்தார்.

இன்று வாங்குவதானால் 1982 பெட்டியைத் தேடி அலையத் தேவையில்லை. அது சேகரிப்பாளர்களின் சரக்கு. 2023இல் வந்த ‘பேசிக் ரோல்பிளேயிங்: யுனிவர்சல் கேம் எஞ்சின்’ புத்தகம் போதும். 2008 தொகுப்பின் திருத்திய வடிவம் அது. அதன் விதிகள் ஓ.ஆர்.சி. என்ற திறந்த உரிமத்தில் இருப்பதால் அவற்றை வைத்து நீங்களே ஓர் ஆட்டம் எழுதி விற்கவும் செய்யலாம். புத்தகம் தடிமனாக இருக்கும். அதில் நிறைய விருப்ப விதிகள், அத்தனையையும் சேர்த்து ஆட முயன்றால் ரூன்குவெஸ்ட்டைவிடக் கனமான ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் ஆட்டத்துக்குக் குணங்கள், திறன்கள், எதிர்ப்பு அட்டவணை, அடிப்படைச் சண்டை இவ்வளவே வையுங்கள். சக்தித் தட்டு ஒன்றே ஒன்று. கதைக்குத் தேவையில்லை என்றால் அதுவும் வேண்டாம். நான்கு ஆட்டக்காரர்களுக்கு மேல் வேண்டாம், ஆளுக்கொரு ஜோடி பத்து முகப் பகடை கட்டாயம். ஒரே ஜோடியைக் கை மாற்றிக்கொண்டிருந்தால், தாக்கும் தடுப்பும் ஒரே நேரத்தில் விழ வேண்டிய ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்.